எண்ணிக்கைக்கு முன் பெயர்: வெள்வேலையும் அதன் உறவுகளையும் அடையாளம் காண்போம்

(சீமைக்கருவேல் அகற்றும் பணிக்கு முன்பாக அவிநாசிபாளையத்தில் நடந்த கூட்டத்தில், ஊராட்சிப் பணியாளர்கள், வார்டு உறுப்பினர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், விவசாயிகள் ஆகியோரிடையே ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஊராட்சிப் பணியாளர்கள், வார்டு உறுப்பினர்கள், சுய உதவிக் குழுத் தாய்மார்கள், ஆடு மாடு மேய்க்கிற பெரியவர்கள், பொக்லைன் ஓட்டுகிற தம்பிமார் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. சீமைக்கருவேல் எடுக்கிற வேலை தொடங்கப் போகிறது. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

நம்ம ஊர்ப் பேரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு அவிநாசியும் அவிநாசிபாளையமும் ஒன்றுதான். கோயிலுக்குப் போக வேண்டியவர் நம்ம நால்ரோட்டில் இறங்கி, "பெரிய தேர் இருக்கிற கோயில் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவிநாசி திருப்பூருக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். ரெண்டு ஊரையும் 381-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இணைக்கிறது. பேரில் பாதி ஒன்று, சாலையும் ஒன்று. ஆனாலும் ஊர் வேறு. தவறி இறங்கியவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாம். மரத்தில் இந்தத் தவறு நடந்தால் அடுத்த பஸ் கிடையாதுங்க.

வெள்வேல், கருவேல், குடைவேல், சீமைக்கருவேல். நான்கு பேரிலும் "வேல்" இருக்கிறது, நான்கிலும் முள் இருக்கிறது. இதில் முதல் மூன்றும் நம்முடைய மரங்கள். கடைசி ஒன்றுதான் எடுக்கப்பட வேண்டியது. ஆனால் பேச்சில் நாம் என்ன செய்கிறோம்? "சீமை" என்ற சொல்லை விட்டுவிட்டு, "கருவேல மரத்தை எடுக்கணும்" என்கிறோம். மனுவிலும் அப்படியே எழுதுகிறோம். ஒரு சொல் விட்டுப்போனதால் வெட்டப்பட்ட மரங்கள் உண்டு. அதை நான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

நான் எழுதிக் கொடுத்த பட்டியல்

சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளுக்குப் பிறகு, 2017-ல் மாநிலம் முழுக்கச் சீமைக்கருவேல் எடுக்கிற வேலை சூடுபிடித்தது நினைவிருக்கும். அப்போது ஒரு ஊரில் குளத்துக் கரையில் இருக்கிற மரங்களைக் கணக்கெடுத்துத் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். ஊர்ப் பேர் வேண்டாம். நான் தாவரவியல் வாத்தியார் ஆச்சே, சரி என்றேன். வெயில் அதிகம். ரெண்டு பையன்களை எண்ணச் சொல்லிவிட்டு நான் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து எழுதினேன். "முள்மரம் 63" என்று ஒரே வரி. கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் போய்ப் பார்க்கிறேன், கரை மொட்டையாக இருக்கிறது. கிடந்த கட்டைகளில் சில வெளுத்த பட்டையோடு, ஒரு ஆள் கட்டிப் பிடிக்கிற அளவு பருமனில் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அத்தனையும் வெள்வேல். அங்கே ஆடு மேய்க்கிற ஒரு வயசான அம்மா வந்து நின்றார். திட்டவில்லை. "ஏனுங்க வாத்தியாரே, வேலாவுக்கும் சீமைக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் எழுதவில்லை. பொக்லைன் ஓட்டிய தம்பி மேல் குற்றமில்லை. அவர் கையில் இருந்த காகிதத்தில் மரத்தின் பேரே இல்லை.

அந்த அம்மாவுக்கு அந்தப் பதினொரு மரம் என்பது, புல் காய்ந்துபோகிற மாதங்களில் ஆட்டுக்குக் கிடைக்கிற தீவனம். இன்றைக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எத்தனை மரம் என்று எழுதுவதற்கு முன்னால், என்ன மரம் என்று எழுதுங்கள்.

வெள்வேல் நமக்கு யார்?

நால்ரோட்டிலிருந்து கிழக்கே காங்கயம், தெற்கே தாராபுரம் போகிற வழியில் கொறங்காடு பார்த்திருப்பீர்கள். கொறங்காடு என்றால் மூன்று சேர்ந்தது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல். மழை குறைந்த, கல் நிறைந்த நிலத்தில் காங்கயம் மாடும் செம்மறி ஆடும் பிழைத்து வந்தது இந்த மூன்றின் துணையால்தான். வெள்வேலின் நிழல் லேசானது, அடியில் புல் வளரும். அவரைக் குடும்பத்து மரம், வேர் முடிச்சுகள் வழியாக மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். காய் முற்றி உதிரும்போது ஆடு தானே பொறுக்கித் தின்னும். தின்ற விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பசுங்காயையும் இளந்தழையையும் வெறும் வயிற்று ஆடு அளவுக்கு மீறித் தின்றால் விஷமாகிவிடும், சயனைடு சேர்மம் அதில் உண்டு. முற்றி உலர்ந்து உதிர்ந்த காய்தான் நல்லது. இது மேய்க்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான், புதிதாக ஆடு வாங்கியவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதன் அறிவியல் பேர் நீண்ட காலமாக அகேசியா லூகோஃப்ளோயா. கிரேக்க மொழியில் "லூகோஃப்ளோயா" என்றால் வெள்ளைப் பட்டை என்று பொருள். நம் முன்னோர் வெள்வேல் என்று பேர் வைத்ததற்கும் அதே காரணம்தான். பட்டையைப் பார்த்துத்தான் ரெண்டு பக்கத்துக்காரர்களும் பேர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பட்டையைச் சாராயம் காய்ச்சப் பயன்படுத்தினார்கள் என்பதும் பெரியவர்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

ஐந்து கிளை, ஐந்து கேள்வி

மேசையில் ஐந்து அட்டை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு மரத்தின் கிளையைப் பூவோடும் காயோடும் உலர்த்தி ஒட்டியிருக்கிறது. கைமாற்றிப் பாருங்கள். முள் இருக்கிறது, பார்த்து வாங்குங்கள். ஒன்று வெள்வேல், இரண்டு கருவேல், மூன்று குடைவேல், நான்கு வன்னி, ஐந்து சீமைக்கருவேல்.

முதல் கேள்வி: பூ உருண்டையா, வாலா?

இது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். வெள்வேல், கருவேல், குடைவேல் மூன்றுக்கும் பூ சின்ன உருண்டை, பஞ்சுப் பந்து மாதிரி. வன்னிக்கும் சீமைக்கருவேலுக்கும் பூ வால் மாதிரி நீண்டு தொங்கும். சீமைக்கருவேலின் அறிவியல் பேரான புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராவில் "ஜூலிஃப்ளோரா" என்பதற்கே வால் போன்ற பூங்கொத்து உடையது என்றுதான் அர்த்தம். ஆகவே உருண்டைப் பூ இருந்தால் அது சீமைக்கருவேல் இல்லை. அந்த மரத்தில் கை வைக்காதீர்கள்.

உருண்டையிலும் வித்தியாசம் உண்டு. கருவேலம் பூ நல்ல மஞ்சள், வாசனை உண்டு, இலைக் கணுவில் தனித்தனிக் காம்பில் நிற்கும். வெள்வேலம் பூ வெளிறிய மஞ்சள், கிட்டத்தட்டப் பால் நிறம். கிளை நுனியில் பெரிய கொத்தாகக் கிளை விட்டுப் பூக்கும். மழைக்காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தின் தலையில் வெளிர் மஞ்சள் தூள் கொட்டின மாதிரி இருக்கும்.

இரண்டாம் கேள்வி: காய் எப்படி?

கருவேலங்காய் மணிமாலை மாதிரி. ஒவ்வொரு விதைக்கும் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும், மேலே சாம்பல் நிறப் பூனைமயிர். வெள்வேலங்காய் தட்டையான நாடா மாதிரி, லேசாக வளைந்திருக்கும், ஒரு சாண் வரை நீளும், பழுப்பு மயிர் படர்ந்திருக்கும், விதைகளுக்கு நடுவில் அந்த ஒடுக்கம் இருக்காது. குடைவேலங்காய் சுருண்டிருக்கும். வன்னிக்காய் மெல்லியது, நீளமாகத் தொங்கும். சீமைக்கருவேல் காய் சதைப்பற்றோடு தடிமனாக இருக்கும், பழுத்தால் மஞ்சள், வாயில் போட்டால் இனிக்கும். அந்த இனிப்புக்காகத்தான் மாடு தின்கிறது. அது நடக்கிற இடமெல்லாம் அந்த மரம் முளைக்கிறது.

மூன்றாம் கேள்வி: பட்டை என்ன நிறம்?

வெள்வேலின் பட்டை வெளுத்தது, மஞ்சள் கலந்த சாம்பல், இளமரத்தில் வழவழப்பாக இருந்து செதில் செதிலாக உரியும். மிகவும் கிழ மரத்தில் அடித்தண்டு கறுத்துச் சொரசொரப்பாகிவிடும், அப்போது மேல் கிளைகளைப் பாருங்கள், அங்கே வெளுப்பு தெரியும். நான் சொன்ன பையன்கள் அடித்தண்டை மட்டும் பார்த்தார்கள். கருவேலின் பட்டை கறுப்பு, நெடுக்காக ஆழமான வெடிப்பு. சீமைக்கருவேலின் பட்டை பழுப்பு, பெரும்பாலும் ஒரே தண்டாக நிற்காமல் அடியிலிருந்தே பல தண்டாகப் புதர் மாதிரி வரும். ஆனால் பெரிய மரமாக வளர்ந்ததும் உண்டு, ஆகவே புதர் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நான்காம் கேள்வி: முள் எங்கே இருக்கிறது?

வெள்வேலுக்கும் கருவேலுக்கும் இலை புறப்படுகிற கணுவில் ஜோடி ஜோடியாக நேரான முள். கருவேலின் முள் வெள்ளையாக, நீளமாக இருக்கும். வெள்வேலின் முதிர்ந்த கிளைகளில் முள்ளே இல்லாமலும் போகலாம். வன்னிக்குக் கணுவில் ஜோடியாக இருக்காது, தண்டு முழுக்க அங்கங்கே சின்னக் கூம்பு மாதிரி சிதறிக் கிடக்கும். சீமைக்கருவேலுக்குக் கணுவில் ஒன்றோ இரண்டோ இருக்கும், சிறு கிளை கோணல் மாணலாக வளைந்து வளைந்து போகும்.

ஐந்தாம் கேள்வி: ஓர் இலைக்கு எத்தனை சிறகு?

பூவும் காயும் இல்லாத மாதத்தில் இதுதான் கைகொடுக்கும். இந்த மரங்களில் நாம் இலை என்று நினைக்கிற சின்னது உண்மையில் சிற்றிலை. முழு இலை என்பது நடுக்காம்பு, அதிலிருந்து ரெண்டு பக்கமும் ஜோடியாகப் பிரிகிற சிறகுகள், சிறகுகளில் சிற்றிலைகள், எல்லாம் சேர்ந்தது. சிறகு ஜோடியை எண்ணுங்கள். சீமைக்கருவேலுக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு ஜோடி, எப்போதாவது மூன்று. வெள்வேலுக்குச் சாதாரணமாக ஐந்துக்கு மேல், பன்னிரண்டு வரைகூட இருக்கும். சிற்றிலைகள் பொடிப்பொடியாக நெருங்கியிருக்கும். கருவேலுக்கு மூன்றிலிருந்து எட்டு வரை. வன்னிக்கும் ஒன்றிலிருந்து மூன்று ஜோடிதான், அதனால் சிறகு குறைவாக இருந்தால் உடனே சீமை என்று எழுதிவிடாமல் முள்ளைப் பாருங்கள். முள் சிதறிக் கிடந்தால் அது வன்னி, ராஜஸ்தானின் மாநில மரம், நம் கோயில்களில் பலவற்றுக்குத் தல மரம்.

இன்னொன்று. வெள்வேல் இலையுதிர் மரம், வறட்சி மாதங்களில் இலையைக் கொட்டிவிட்டுப் பிறகு துளிர் விடும். சீமைக்கருவேல் கோடையிலும் பச்சையாக நிற்கும். இதனால் ஒரு அநியாயம் நடக்கிறது. "பட்டுப்போன மரம்" என்று சொல்லி இலை கொட்டிய வெள்வேலை விறகுக்கு வெட்டிவிடுகிறார்கள். நகத்தால் சிறு கிளையின் தோலைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது.

ஒரே மரத்துக்குள்ளும் வகைகள்

ஒரு மரத்துக்குள்ளேயே வகைகள் இருப்பதால் சிலர் குழம்பிப்போகிறார்கள். கருவேலில் நம் பக்கம் பரவலாக இருப்பது இண்டிகா என்ற துணையினம், அதற்குத்தான் மணிமாலைக் காய். வட இந்தியாவில் குப்ரசிஃபார்மிஸ் என்று ஒரு துணையினம் உண்டு. கிளைகள் பக்கவாட்டில் படராமல் துடைப்பம் மாதிரி மேல் நோக்கியே போகும், நிழல் குறைவு, அதனால் வயலுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். உருவம் வேறாகத் தெரிந்தாலும் அதுவும் கருவேல்தான். வெள்வேலிலும் மியான்மர், தாய்லாந்து பக்கம் பூவுருண்டை சிறியதாக இருக்கிற மைக்ரோசெபாலா என்ற வகை உண்டு. குடைவேல் தனி இனம். தலை குடை விரித்த மாதிரி தட்டையாக இருக்கும். ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் போகும்போது பார்க்கலாம்.

நர்சரிப் பலகையிலோ புத்தகத்திலோ வச்செல்லியா என்று பேர் பார்த்தால் பயப்பட வேண்டாம். 2005-ல் வியன்னாவிலும் 2011-ல் மெல்போர்னிலும் நடந்த உலகத் தாவரவியல் மாநாடுகளில், அகேசியா என்ற பேர் ஆஸ்திரேலிய மரங்களுக்கே இருக்கட்டும் என்று முடிவானது. அதனால் நம் வெள்வேலும் கருவேலும் வச்செல்லியா ஆகிவிட்டன. சீமைக்கருவேலையும் 2022-லிருந்து நெல்டுமா என்று பிரித்திருக்கிறார்கள். காகிதத்தில் பேர் மாறினாலும் பூவும் காயும் மாறவில்லை.

மரத்தின் மேல் கோபம் வேண்டாம்

சீமைக்கருவேல் 1950-களில் வந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு வெகு முன்பே, 1877-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் நட்டுவிட்டார்கள். அதன் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். விறகுக்காகக் கொண்டுவந்தது. அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. இன்றைக்கும் அடுப்புக்கும், கரி மூட்டத்துக்கும், பாய்லருக்கும் அதன் விறகு போகிறது, அதை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. நீர்நிலையிலும் மேய்ச்சல் நிலத்திலும் அது புகுந்து புல்லையும் நாட்டு மரத்தையும் முளைக்க விடாமல் செய்வதுதான் பிரச்சினை. தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் படர் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அதில் அகற்றுவது ஒரு பாதி, அந்த இடத்தில் நாட்டுத் தாவரங்களை மீட்பது மறு பாதி.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு கதை இருக்கிறது. நம்ம கருவேல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. நிழலுக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் என்று வளர்த்தார்கள். இன்றைக்குக் குயின்ஸ்லாந்தில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் புல்வெளியில் பரவிக் கிடக்கிறது. அங்கே அதைத் தேசிய அளவில் அகற்ற வேண்டிய களையாக அறிவித்திருக்கிறார்கள். இங்கே ஏர்க்கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் பல் விளக்கவும் ஆகிற மரம், அங்கே களை. ஆகவே "முள்மரம் எல்லாம் கெட்டது" என்ற பேச்சை விட்டு, எந்த மரம், எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும்.

இயந்திரம் வருவதற்கு முன்

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. கணக்கெடுக்கிற குழுவில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். என் படிப்பை விட அவர் கண் நம்பகமானது என்று அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்.

இரண்டு. பட்டியலில் "முள்மரம்" என்ற சொல்லே வரக் கூடாது. வரிசை எண், மரத்தின் பேர், இருக்கும் இடம், அடையாளம் எதை வைத்து என்று நான்கு கட்டம் போடுங்கள். "பூ உருண்டை, காய் நாடா" என்று நாலு சொல் போதும். மரத்தின் கிளையைக் கிட்டத்தில் வைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுங்கள்.

மூன்று. அகற்ற வேண்டியதற்குச் சிவப்புக் குறி, காக்க வேண்டியதற்குச் சுண்ணாம்பு வளையம். எந்தக் குறியும் இல்லாத மரத்தைத் தொடக் கூடாது. பொக்லைன் தம்பிகளுக்கும் சொல்கிறேன், குறி இல்லையென்றால் வண்டியை நிறுத்திக் கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

நான்கு. சந்தேகம் என்றால் அந்த மரத்தை விட்டுவையுங்கள். சின்னக் கன்றாக இருக்கும்போது எல்லாமே முள்ளாக, ஒன்று போலவே தெரியும். பூ வரும் வரை பொறுங்கள், பூ வந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஐந்து. பெரியவர்களாலும் சொல்ல முடியாவிட்டால், இலை, பூ, காய் மூன்றும் இருக்கிற சிறு கிளையைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றி வையுங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள். காய்ந்ததும், எடுத்த தேதி, இடம், மரத்தின் உயரம், பட்டையின் நிறம் எழுதி வையுங்கள். கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் கோயம்புத்தூரில்தான், அங்கே ஃபிஷர் பேரில் பழைய உலர்தாவரச் சேகரிப்பு உண்டு. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இந்த மூன்றும் இருப்பது நமக்குப் பெரிய வசதி.

ஆறு. புறம்போக்கு, குளம், சாலையோர மரங்கள் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. பொது இடத்தில் மரம் வெட்டுவதைக் கவனிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. அனுமதியில்லாமல் நாட்டு மரம் வெட்டப்படுவதைப் பார்த்தால், படத்தோடு ஊராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் சொல்லுங்கள். முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும் பதிவு செய்யலாம். புகாரில் "கருவேலம்" என்று மொட்டையாகச் சொல்லாமல் வெள்வேலா, நாட்டுக் கருவேலா என்று முழுப் பேர் சொல்லுங்கள்.

ஏழு. இது எல்லாவற்றையும் விட முக்கியம். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பதிவேட்டில் எத்தனை வெள்வேல், எத்தனை கருவேல், எத்தனை வன்னி, எங்கே நிற்கின்றன என்று ஏற்றுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டித் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சபையில் எல்லார் முன்னாலும் படித்த பேரை அப்புறம் யாரும் "முள்மரம்" என்று மாற்ற முடியாது.

எடுத்த பிறகு

சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் போதாது, அடியிலிருந்து மறுபடி தழைக்கும். வேரோடு எடுக்க வேண்டும். அடுத்த மழைக்கு விதையிலிருந்து கன்றுகள் கூட்டமாக முளைக்கும், அதைக் கையால் பிடுங்குகிற வேலையையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். எடுத்த காய்களை மாடு தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலியான இடத்தில் வெள்வேல் போடலாம். உதிர்ந்த காயைச் சேகரித்து விதையை எடுங்கள். தோல் கெட்டி, அதனால் கொதிக்க வைத்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அது ஆறும் வரை ஊறவிட்டு மறுநாள் விதைக்கலாம். ஆட்டுப் பட்டியில் கிடக்கிற விதை இன்னும் எளிதாக முளைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக்குவது என்ற இலக்கோடு கன்றுகள் தருகிறது. வனத்துறை நாற்றங்காலில் கேட்கும்போது "ஏதாவது மரக்கன்று" என்று கேட்காமல், வெள்வேல், வன்னி என்று பேர் சொல்லிக் கேளுங்கள். நாலு ஊர் கேட்டால்தான் அடுத்த ஆண்டு நாற்றங்காலில் அந்த விதையை அதிகம் போடுவார்கள்.

கூட்டம் முடிவதற்குள் முன் வரிசையிலிருந்து ஒரு அம்மிணி கேட்டார்: "ஏனுங்கய்யா, அவ்வளவு கேள்வியும் எங்களுக்கு ஞாபகம் இருக்குமுங்களா?" நியாயமான கேள்வி. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் அம்மிணி: பூ உருண்டையாக இருந்தால் நம்ம மரம். வாலாக இருந்தால் நின்று முள்ளைப் பாருங்கள். முள் சிதறிக் கிடந்தால் வன்னி, அதுவும் நம்ம மரம்தான். மீதி எல்லாம் இந்த அட்டைகளில் இருக்கிறது, இவற்றை ஊராட்சி அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

அந்தக் குளத்துக் கரைக்கு அதற்கப்புறம் பலமுறை போயிருக்கிறேன். அந்த அம்மாதான் பட்டியிலிருந்து வெள்வேல் விதை எடுத்துக் கொடுத்தார், நான் குழி தோண்டினேன். சில முளைத்தன, சிலது ஆட்டு வாயில் போனது. நிற்பது இன்றைக்கு ஆள் உயரம் தாண்டிவிட்டது. காய் பிடிக்க இன்னும் காலம் ஆகும். வெட்டுவதற்கு ஒரு காலைப் பொழுதுதான் ஆனது. உங்கள் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்தக் காலைப் பொழுதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.